திட்டத்துக்கும் ஒரு புதுக்கணக்கு



நாம் வாழும் இக்கெடா மாநிலத்தை நம் முன்னோர் கடாரம் என்று அழைத்தனர். பூஜாங் பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்கள், இம்மண்ணுக்கும் கடல் கடந்து வந்த வணிகர்களுக்கும் இருந்த உறவுக்கு இன்றளவும் சான்று பகர்கின்றன. அக்காலக் கப்பல்கள் ஒரு பருவக்காற்றில் வந்து, மறு பருவக்காற்றில் திரும்பின. காற்று எப்போது திரும்பும் என்பதை வைத்தே சரக்கும் பயணமும் அமைந்தன. போன ஆண்டுக் காற்றை நம்பி இவ்வாண்டு பாய் விரித்தவர் கரை சேர்ந்திருக்க முடியாது.

இன்று நம்மில் பலர் சிறு நிறுவனங்களை நடத்துகிறோம். லோரிப் போக்குவரத்து, துப்புரவுக் குத்தகை, அச்சகம், உணவகம், பழைய இரும்பு வாணிகம், தோட்டக் குத்தகை எனப் பல துறைகளில் நம்மவர் கால் ஊன்றியிருக்கின்றனர். வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் செய்தபோது பெரும்பாலோர் ஒரு வணிகத் திட்டத்தை எழுதிக் கொடுத்திருப்பர். கடன் கிடைத்ததும் அத்திட்டம் மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. மறுபடி அது வெளியே வருவது அடுத்த கடனுக்கு அலையும்போதுதான். ஆண்டுதோறும் அதனைத் திறந்து பார்த்துத் திருத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டமொன்றில் பால்வெட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவன். கணக்கியல் பயின்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருபவன். கணக்குப் புத்தகங்களுக்கிடையே நான் கண்டவற்றையே இங்கு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தோட்டம் கற்றுத் தந்த பாடம்

தோட்ட ஆபீசில் ஆண்டுதோறும் ஒரு வேலை தவறாமல் நடக்கும். அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டைத் துரையும் கிராணிமாரும் தயாரிப்பார்கள். எந்த நம்பர் காட்டில் எத்தனை ஏக்கர், மரத்துக்கு வயது என்ன, ஏக்கருக்கு எவ்வளவு பால் கிடைக்கும், உரத்துக்கு எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு, எந்தக் காட்டைச் சாய்த்து மறுநடவு செய்வது என்று அனைத்தும் அதில் எழுதப்படும். ஆண்டு முடிந்ததும் எழுதியதும் நடந்ததும் ஒப்பிடப்படும். வேறுபாட்டுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

இத்தனை கவனம் ஏன்? ரப்பர் மரம் நட்ட ஆறு ஏழு ஆண்டுகளுக்குப் பின்னரே பால் தரும். இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். செம்பனையோ நட்ட முப்பது மாதங்களிலேயே காய்ப்புக்கு வரும். இன்று எடுக்கும் முடிவின் பலன் இத்தனை தொலைவில் இருப்பதால், ஆண்டுக்கு ஆண்டு கணக்கைச் சரிபார்க்காமல் தோட்டம் நடத்த இயலாது.

அந்தத் தாளில் நம் மக்களின் வாழ்வும் எழுதப்பட்டிருந்தது. எந்தக் காடு சாய்க்கப்படும், எத்தனை ஆள் தேவைப்படும், எந்த லயம் நிற்கும் என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்தது. ஆனால் காலையில் பெரட்டுக்கு நின்ற என் தந்தையார் போன்றோர் அத்தாளை ஒருநாளும் கண்டதில்லை. திட்டத்தை வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் அதனைத் திருத்திக்கொண்டார்கள். திட்டத்துக்குள் வாழ்ந்தவர்களோ, அது மாறிய பிறகுதான் மாற்றத்தை அறிந்தார்கள்.

பத்து வெள்ளியின் வரலாறு

1950-களில் ஐரோப்பியத் தோட்ட நிறுவனங்கள் பல தம் நிலங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுகளாக்கிப் பலருக்கு விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து, பேராசிரியர் உங்கு அஸிஸ் 1962-இல் அறிக்கையே வெளியிட்டார். துண்டாடப்பட்ட தோட்டங்களில் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தவர்கள் நம் மக்கள்.

அந்த வேளையில்தான் துன் வீ.தி.சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தி 100 வெள்ளிப் பங்கு வாங்குமாறு தொழிலாளர்களை வேண்டினார். அன்றாடக் கூலியிலிருந்து மிச்சம் பிடித்த அப்பணத்தைக் கொண்டே தோட்டங்கள் வாங்கப்பட்டன. நம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டமும் அவற்றுள் ஒன்று என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத் தக்கதாகும்.

இவ்வரலாற்றை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அதன் மறுபாதியை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. தோட்டத்தை வாங்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. நேற்றுவரை பெரட்டுக்கு நின்றவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். எந்தக் காட்டில் மறுநடவு செய்வது, ரப்பரை வைத்திருப்பதா செம்பனைக்கு மாறுவதா என்ற கேள்விகள் இப்போது அவர்களுடைய கேள்விகளாயின. சங்கம் ரப்பரோடு நின்றுவிடாமல் செம்பனைக்கும் நில மேம்பாட்டுக்கும் சென்றது. 1960-இல் எழுதிய திட்டத்தை மாற்றாமல் பற்றிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

உலக ரப்பர் உற்பத்தியில் முதலிடம் வகித்த நம் நாட்டை 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து முந்திக்கொண்டது. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டபின், தோட்டத்துப் பிள்ளைகள் பால்வாளிக்குப் பதில் தொழிற்சாலைச் சீருடையைத் தேர்ந்தெடுத்தனர். காலம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. உடைமை நம் கைக்கு வருவது முதற்படி; அவ்வுடைமையின் திட்டத்தை ஆண்டுதோறும் நாமே திறந்து பார்ப்பது இரண்டாம் படி. இரண்டாவது இல்லையேல் முதலாவது நிலைக்காது.

திட்டம் எதன்மேல் நிற்கிறது?

வணிகத் திட்டத்தில் எழுதப்படும் ஒவ்வொரு தொகைக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. விலை இவ்வளவு இருக்கும், கூலி இவ்வளவு இருக்கும், வாடிக்கையாளர் தொடர்வார், பணம் முப்பது நாளில் வரும் என்பன போன்றவை அவை. தொகைகளைப் பார்ப்பதைவிட இந்த அனுமானங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பதே ஆண்டாய்வின் சாரமாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். செம்பனைக் குலை ஏற்றும் மூன்று லோரிகள் உள்ள ஒரு குடும்ப நிறுவனம். லோரி ஒன்று நாளுக்கு இரண்டு நடை, நடைக்குப் பத்து டன், மாதம் இருபத்தைந்து நாள் ஓடுகிறது. ஆக மாதத்துக்கு 1,500 டன். டன்னுக்கு 30 ரிங்கிட் வாடகை என்றால் வரவு 45,000 ரிங்கிட். ஓட்டுநர் சம்பளம் 8,400, லோரித் தவணை 9,000, டீசல் 12,000, டயரும் பழுதுபார்ப்பும் 6,000, காப்புறுதி, சாலை வரி, அலுவலகம் 4,000. மொத்தச் செலவு 39,400 ரிங்கிட். மிச்சம் 5,600 ரிங்கிட். நல்ல தொழில்தான்.

இப்போது, இதன் அடியில் உள்ள ஒரே ஓர் அனுமானத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம். 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. மேற்சொன்ன நிறுவனம் மாதம் ஏறத்தாழ 5,580 லிட்டர் ஊற்றுகிறது. லிட்டருக்கு 1.20 வீதம் கூடுதல் செலவு சுமார் 6,700 ரிங்கிட். மிச்சம் 5,600 போய், மாதம் 1,100 ரிங்கிட் துண்டு விழுகிறது. லோரிகள் அதே லோரிகள்தாம். ஓட்டுநர்களும் உழைப்பும் அப்படியேதான்.

தகுதி பெற்ற சரக்கு வாகனங்களுக்கு உதவித்தொகை விலையில் டீசல் வாங்க அரசாங்கம் அப்போது அட்டைத் திட்டம் ஒன்றை வைத்திருந்தது. தம் திட்டத்தை அடிக்கடி புரட்டுபவர்கள், டீசல் என்ற வரியருகே ஏற்கெனவே ஒரு கேள்விக்குறி இட்டு வைத்திருப்பார்கள். செய்தி வந்தவுடன் பதிவுக்கு ஓடுவார்கள்; வாடகை ஒப்பந்தத்தில் எரிபொருள் விலைக்கேற்ற திருத்தம் கேட்பார்கள். மற்றவர்களுக்கு ஆண்டு முடிந்து கணக்காய்வாளர் சொன்ன பிறகே நட்டம் தெரியவரும். ஐந்தொகை சென்ற ஆண்டைச் சொல்லும். வரப்போகும் ஆண்டைத் திட்டந்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. செம்பனையின் விளைச்சல் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இராது. ஆண்டின் பிற்பகுதியில் ஏறும். ஆண்டுத் தொடக்கத்தில் இறங்கும். ரப்பருக்கோ இலையுதிர் காலம் உண்டு. லோரித் தவணைக்கு அத்தகைய பருவம் கிடையாது. ஆகவே வருடத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து எழுதும் திட்டம் ஏமாற்றிவிடும். மாதம் மாதமாக எழுதுவதே முறை.

சட்டம் மாறும்போது

நான் அறிந்த ஒரு துப்புரவுக் குத்தகை நிறுவனம் இருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களை விட்டு வெளியேறிப் பட்டணத்து மலிவு வீடுகளில் குடியேறிய தாய்மார்கள். குத்தகை விலை பல ஆண்டுகளுக்கு ஒரே தொகையாகப் பேசப்பட்டது. குறைந்தபட்சச் சம்பளமோ மாறிக்கொண்டே வந்தது. 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கியது. 2022 மே மாதம் 1,500 ரிங்கிட். 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். ஐவருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் 2025 ஆகஸ்டு வரை தவணை அளிக்கப்பட்டது.

கணக்கைப் பாருங்கள். 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டுக்கு உயரும்போது பன்னிரண்டு பேருக்கு மாதம் 2,400 ரிங்கிட் கூடுகிறது. அதன்மேல் முதலாளியின் ஊழியர் சேமநிதிப் பங்கு 13 விழுக்காடு, அதாவது 312 ரிங்கிட். மாதம் 2,712, ஆண்டுக்கு 32,544 ரிங்கிட். சொக்சோ இதில் சேரவில்லை. குத்தகை விலையைத் திருத்திக் கேட்காத சிறு நிறுவனத்துக்கு இது முழு ஆண்டு இலாபத்தையும் விழுங்கக்கூடிய தொகை.

நான் சொன்ன நிறுவனம் இதற்கு முந்திய சம்பள உயர்வு ஒன்றின்போதே தள்ளாடத் தொடங்கியது. திட்டம் என்ற ஒன்றை அவர்கள் திறந்து பார்த்ததேயில்லை. முதலில் சப்ளையர்களுக்குப் பாக்கி விழுந்தது. பிறகு சேமநிதிக்கு என்று சம்பளத்தில் பிடித்த பணம் சேமநிதிக்குப் போய்ச் சேரவில்லை. நிறுவனம் மூடப்பட்ட பிறகுதான், தம் கணக்கில் பல மாதங்கள் வெறுமையாக இருப்பதை அத்தாய்மார்கள் அறிந்தார்கள். ஒருவர் மகளின் படிப்புக்கு அப்பணத்தை எடுக்கலாம் என்று நம்பியிருந்தார். பிடித்த பணத்தைக் கட்டாதிருப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டியது ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது. அந்த ஒரு நாள் இல்லாததால் வந்த துன்பம் அது.

மற்றொரு குடும்பத்தையும் நான் அறிவேன். அவர்களுடையது சிறு அச்சகம். திருமணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அச்சடித்துப் பிழைத்தவர்கள். ஆண்டுதோறும் கணவன், மனைவி, மகன் மூவரும் அமர்ந்து எந்த வேலையில் எவ்வளவு வந்தது என்று பிரித்துப் பார்ப்பார்கள். கைப்பேசியில் அழைப்பிதழ் அனுப்பும் பழக்கம் பரவியபோது, பத்திரிகை வேலை மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து இறங்கியிருப்பதை அந்தப் பட்டியலே அவர்களுக்குச் சொல்லிற்று. வீட்டில் மாவு, மசாலை, பலகாரம் செய்து விற்போருக்கு ஒட்டுத்தாள் அச்சடிக்கத் தொடங்கினர். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து திருமணங்கள் நின்றபோது, ஒட்டுத்தாள் வேலைதான் அவர்களையும் அவர்களிடம் பணிபுரிந்த ஐவரையும் காத்தது.

ஆண்டாய்வு செய்யும் முறை

முன்பு 1965-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்கீழ் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டியிருந்தது. 2017 ஜனவரி 31-இல் நடப்புக்கு வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் நிறுவனங்களுக்கு அக்கட்டாயத்தை நீக்கிவிட்டது. கூட்டுறவுச் சங்கங்களுக்கு அது இன்றும் உண்டு. சட்டம் நம்மை உட்கார வைக்காத நிலையில், நாமே உட்கார வேண்டியதாகிறது.

நாள்: நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது என்றால் அக்டோபர், நவம்பர் மாதங்களே தக்கவை. ஆயுத பூசைக்குக் கருவிகளைத் துடைத்துப் பொட்டிட்டு, பேரேட்டைப் பூசையில் வைக்கும் வழக்கம் நம் கடைகளில் உண்டு. விசயதசமி முடிந்த வாரத்தில் திட்டத்தையும் கையில் எடுத்தால் எவருக்கும் மறக்காது.

ஆள்: பங்காளிகள், கணக்கு எழுதுபவர், அன்றாட வேலையை அறிந்த மேற்பார்வையாளர் ஒருவர். முதலாளிக்குத் தெரியாத பல செய்திகள் ஓட்டுநருக்கும் சமையற்காரருக்கும் தெரியும் என்று கூறின் அது மிகையாகாது.

தாள்கள்: சென்ற ஆண்டுத் திட்டம், இவ்வாண்டு வரவு செலவு, வர வேண்டிய பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்ற பட்டியல், ஒப்பந்தங்கள் முடியும் நாள், கடன் நிலவரம்.

பின்னர் ஐந்து கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத வேண்டும்.

1. சென்ற ஆண்டு என்ன சொன்னோம், என்ன நடந்தது, வேறுபாடு ஏன்? இலாபம் கூடியிருந்தாலும் காரணம் எழுத வேண்டும். காரணம் அறியாத இலாபம் அடுத்த ஆண்டு வராமலும் போகலாம்.

2. நமக்குப் பணம் தருபவர் யார்? வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்றால், அந்த ஒருவர் நிறுத்தினால் எத்தனை மாதம் தாங்குவோம்?

3. விலை, கூலி, வரி, சட்டம் ஆகியவற்றில் எது மாறியது, எது மாறப்போகிறது? 2015-இல் பொருள் சேவை வரி வந்தது. 2018-இல் அது போய் விற்பனை சேவை வரி திரும்பியது. 2024 ஆகஸ்டு முதல் மின் விலைப்பட்டியல் முறை பெரிய நிறுவனங்களிலிருந்து படிப்படியாக வந்தது. ஒவ்வொன்றும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதுதான்.

4. ஆளும் கருவியும் எந்நிலையில் உள்ளன? எந்த இயந்திரம் ஓய்வுக்கு வருகிறது? முதலாளி ஆறு மாதம் படுத்துவிட்டால் காசோலையில் கையெழுத்திடுவது யார்?

5. மாதவாரியாக ரொக்கம் போதுமா? எந்த மாதம் கை வறளும்?

இவ்விடைகளிலிருந்து மூன்றே மூன்று பணிகளைத் தேர்ந்து, யார் செய்வது, எந்நாளுக்குள் என்று ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பக்கத்தைப் பார்த்தால் போதும்.

மாற்ற வேண்டாதவை

ஆண்டாய்வு என்றால் ஆண்டுதோறும் தொழிலையே மாற்றுவது என்று பொருளன்று. ஆறாண்டில் பால் தரும் கன்றை இரண்டாம் ஆண்டில் பிடுங்கிப் பார்ப்பவன் தோட்டக்காரன் ஆகமாட்டான். எதற்காக இந்நிறுவனம் என்ற நோக்கமும், வாக்குத் தவறாமை, தரம், தொழிலாளர் நலம் ஆகியவையும் நிலையானவை. அந்நோக்கத்தை அடையும் வழியை மட்டுமே ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்க்கிறோம். ஆராய்ந்து செயலில் இறங்குவதற்கென்றே வள்ளுவப் பெருந்தகை ‘தெரிந்து செயல்வகை’ எனத் தனி அதிகாரம் வகுத்திருக்கிறார் அல்லவா?

தருமத்துக்கும் ஒரு வரி

நம் வணிகர்களிடையே மகமை என்ற நல்வழக்கம் இருந்தது. வாணிபத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் பொதுப்பணிக்கும் என முன்னரே ஒதுக்கிவிடுவார்கள். நோட்டுப் புத்தகத்துடன் வருபவரைக் கண்டதும் கைக்குக் கிடைத்ததைக் கொடுப்பதைவிட, ஆண்டுத் திட்டத்திலேயே தருமத்துக்கு ஒரு வரி எழுதி வைப்பது சாலச் சிறந்தது. நன்கொடை பெறும் அமைப்புக்கும் அதனால் தன் ஆண்டுப் பணிகளை உறுதியாக வகுத்துக்கொள்ள முடியும். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்ற அமைப்புகளுக்கு நிறுவனங்கள் வழங்கும் ரொக்க நன்கொடைக்கு, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக்கழிவும் உண்டு. ஆனால் தொழிலாளியின் சேமநிதியைக் கட்டிய பின்னரே தருமம் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. உரியவருக்கு உரியதைக் கொடுப்பதே முதல் தருமம்.

நம் பெற்றோர் தம் வாழ்வைத் தீர்மானித்த தாளைக் காணாமலே உழைத்து மறைந்தனர். அவர்கள் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்த துணிவினால், உடைமை என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்தது. இன்று அந்தத் தாள் நம் மேசையில் இருக்கிறது. எழுதுகோலும் நம் கையில் இருக்கிறது. வரும் விசயதசமிக்குப் பின் ஒரு நாளை இதற்கென ஒதுக்குவோம். நம் பிள்ளைகளையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்வோம். அடுத்த ஆண்டு அதனைத் திறக்கப் போகிறவர்கள் அவர்களாகவும் இருக்கலாம்.

வாழ்க, வளர்க!